புரட்டாசியில் குஞ்சு விட்டேன்: வேதாரண்யம் சதுப்பில் ஆறு லட்சம் போன கதை

போன வாரம், சிங்கப்பூரில் என்னோடு ஒரே அறையில் இருந்த தம்பி ஒருவன் போன் செய்தான். ஊருக்கே வந்துவிடப் போகிறானாம். கையில் பத்து லட்சம் இருக்கிறதாம். முத்துப்பேட்டைப் பக்கம் இறால் குட்டை குத்தகைக்கு வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டான். ஒன்றரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகு, 2021-ல் எனக்கு இப்படிச் சொல்ல ஒருவர்கூட இல்லையே என்று மறுபடியும் மனசு கனத்தது. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பணக் கணக்கையும் மறைக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் திருச்சி. ஒன்பது வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். கொரோனா சமயத்தில் திரும்பி வந்தேன். வேதாரண்யம் என்றால், 1930-ல் ராஜாஜி எங்கள் ஊரிலிருந்து நடந்து போய் உப்பு அள்ளிய இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மட்டும்தான் தெரியும். சொந்தக்காரர் ஒருவர் மூலமாகத் தரகர் ஒருவர் பழக்கமானார். வனாமி என்கிற வெளிநாட்டு இறால் ரகம் நூறு நாள் பயிர், வருடத்துக்கு இரண்டு பிடிப்பு, ஏக்கருக்கு இரண்டு டன்னுக்குக் குறையாது என்றார். வேதாரண்யத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், ஒரு வடிகால் ஆற்றை ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு ஏக்கரில் இரண்டு குட்டை. ஏக்கருக்கு வருடம் ஐம்பதாயிரம் குத்தகை. பார்க்கப் போனது ஆடி மாதம்.

ஆடியில் அந்தச் சதுப்பைப் பார்ப்பவர்கள் ஏமாறத்தான் செய்வார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெளுத்துப் போன தரை, ஓரங்களில் உப்புப் பூத்திருக்கும். மேல்காற்று நிற்காமல் வீசும். தூரத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பச்சைக் கோடு மாதிரி தெரியும். காலால் தட்டினால் ஓடு தட்டிய சத்தம் வரும். நான் நினைத்தேன், இவ்வளவு காய்ந்த இடம், தண்ணீர் தொந்தரவே இருக்காது, நாமாக இறைத்தால்தான் தண்ணீர் என்று. அந்த நினைப்பில்தான் எல்லாமே தப்பானது.

அந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்று பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். கோடியக்கரை மூக்கிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை தாண்டி நீளும் இந்தச் சதுப்புதான் காவிரியின் கடைசி வாசல். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று காவிரிக் கிளைகளின் வால்கள் இங்கே வந்துதான் கடலைத் தேடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் பெய்யும் மழையில் வயல் குடித்து மிஞ்சியதெல்லாம் இந்தப் பக்கம் வடியும். தரை ஏறக்குறைய கடல் மட்டத்திலேயே இருப்பதால் வந்த தண்ணீர் சட்டென்று போகாது. கடல் ஏற்றத்தில் இருந்தால் திரும்பியும் வரும். தை மாதத்துக்கு மேல் அதே தண்ணீர் வற்ற ஆரம்பிக்கும், உப்பு ஏறும், கோடையில் கடல் தண்ணீரைவிடக் கரிக்கும். ஆக, ஒரே இடம் வருடத்தில் பாதி நாள் நன்னீர் ஏரி, மீதி நாள் உப்புப் பாலைவனம். 2002-ல் கோடியக்கரையிலிருந்து முத்துப்பேட்டை வரை 38,500 ஹெக்டேரை ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல் ராம்சர் தலம். ஐப்பசிக்குப் பிறகு பூநாரையும் உள்ளான்களும் வந்து இறங்குவது இந்த மாறி மாறி வரும் தண்ணீரை நம்பித்தான். மனிதர்களும் அப்படித்தான். சதுப்புக்கு வடக்கே மணல்மேடுகளில் இருக்கும் கருப்பம்புலம், செம்போடை மாதிரி ஊர்களில் மாவும் முல்லையும் புகையிலையும் போடுகிறார்கள், ஏனென்றால் மணலுக்குள் நல்ல தண்ணீர் தங்கும். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பக்கம் மழை முடிந்து தை, மாசியில் உப்புப் பாத்தி கட்ட ஆரம்பிப்பார்கள். கோடியக்கரைக்கு ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தொழில் செய்வார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதம் தெரியாமல் நான் நடுவில் போய் நின்றேன்.

அதனால் முதலில் சொல்வது இதுதான். ஆடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். கார்த்திகையிலும் போய்ப் பாருங்கள். போக முடியவில்லை என்றால், அங்கே இருபது வருடமாக வேலை செய்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், மழையில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். என் குட்டைக்குக் காவலுக்கு வந்த பெரியவர், கரையோரம் நின்ற ஒற்றைப் பனையில் தன் இடுப்புக்கு மேலே ஒரு இடத்தைத் தொட்டு, "கஜா வருசம் இதுவரைக்கும் தம்பி" என்றார். 2018 நவம்பர் 16 விடியற்காலை வந்த புயல். அவர் வேலை பார்த்த உப்பளத்தில் அன்றைக்குப் புகுந்த சேற்றை மாசக்கணக்கில் அள்ளினார்களாம். அந்தப் பனையைக் காட்டியது நான் குஞ்சு விட்டு நான்கு நாள் கழித்து. முன்னாடி நான் கேட்கவில்லை, அவர் சொல்ல வழியும் இல்லை.

அடுத்தது காகிதம். தரகர் ஒரு இருபது ரூபாய்ப் பத்திரத்தில் குத்தகை எழுதிக் கொடுத்தார். நான் சர்வே எண் கேட்கவில்லை. இந்தச் சதுப்பின் ஒரு பகுதிக்கு அரசுப் பதிவிலேயே "சர்வே ஆகாத உப்புச் சதுப்பு" என்றுதான் பெயர். ஒரு பக்கம் வனத்துறை நிலம், ஒரு பக்கம் உப்புக்குக் கொடுத்த நிலம், இன்னொரு பக்கம் புறம்போக்கு, நடுவில் பட்டா நிலம். எது எங்கே முடிகிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. பட்டா, புலப்படம் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் விசாரித்த பிறகுதான் காசு என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் பதிவு. 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி ஒவ்வொரு இறால் பண்ணையும் பதிவு செய்திருக்க வேண்டும். வனாமி வளர்க்க அன்றைக்குத் தனி அனுமதியும் வேண்டியிருந்தது. என் குட்டைக்கு இரண்டும் இல்லை. "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். பதிவில்லாத குட்டைக்கு வங்கிக் கடன் கிடையாது, காப்பீடு கிடையாது, நோய் வந்தால் போய் நிற்க ஒரு அலுவலகமும் கிடையாது. அது மட்டுமல்ல, அன்றைய சட்டத்தில் பதிவில்லாமல் நடத்துவதற்குச் சிறைத்தண்டனைகூட இருந்தது. நான் அதைத் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் அந்த ஊரில்தான் கேட்டேன். வாய்க்காலில் கையால் தடவி இறால் பிடிக்க வரும் அக்கா ஒருவர், முதல் நாளே என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் வந்தது. தொண்ணூறுகளில் நாகைக் கடற்கரை முழுக்க வெளியூர்ப் பணக்காரர்கள் வயலை வாங்கிக் குட்டை வெட்டினார்கள். கடல் தண்ணீரை உள்ளே கொண்டுவந்து தேக்கியதில் பக்கத்து வயலும் குடிதண்ணீர்க் கிணறும் உப்பாகின. நாற்று நடவும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை போனது. காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் ஊர் ஊராகப் போராடினார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பின்னால்தான் இந்தச் சட்டம் வந்தது. "எங்க அம்மா மண்சட்டியத் தூக்கிக்கிட்டு அந்தப் போராட்டத்துக்குப் போனவ தம்பி. எங்க கெணறு இன்னும் உப்புதான்" என்றார் அந்த அக்கா. நான் குத்தகை எடுத்தது அந்த மாதிரி ஒரு பழைய குட்டை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர்க்காரர்கள் ஏன் என்னிடம் ஒட்டவில்லை என்பதும் புரிந்தது. நீங்கள் எங்கே போனாலும், அந்த இடத்தில் குட்டைக்கும் ஊருக்கும் முன்னால் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஊர் உங்களோடு இல்லை என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஆவணி முழுக்கக் குட்டையைக் காயவிட்டு, ஜேசிபி வைத்துக் கரையைக் கட்டி, சுண்ணாம்பு போட்டேன். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் எட்டு, பழசாக வாங்கினேன். செப்டம்பர் 20, புரட்டாசி நாலாம் தேதி, குட்டைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வீதம் குஞ்சு விட்டேன். அன்றைக்கு உப்புத்தன்மை 22, அதாவது லிட்டருக்கு 22 கிராம் உப்பு. பெரியவர் அந்தப் பைகளைப் பார்த்துவிட்டு, "இந்த மாசத்துலயா தம்பி விடுற? மாசியில விட்டு வைகாசியில புடிப்பாங்க. மழ மாசத்துல யாரு விடுவா?" என்றார். பைக்குள் குஞ்சு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது, நான் என்ன செய்வது? தரகர் சொன்ன வருடத்துக்கு இரண்டு பிடிப்பில் இது இரண்டாவது பிடிப்புப் பருவம். குளிரிலும் மழையிலும்தான் குட்டையையே காலி செய்யும் வெள்ளைப்புள்ளி என்கிற வைரஸ் நோய் அதிகம் வரும், உப்பு திடீரென்று இறங்கினால் இறால் தளர்ந்துவிடும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அனுபவம் உள்ளவர்கள் அந்தப் பருவத்தில் விடுவதே இல்லை, விட்டாலும் பாதிக் குஞ்சுதான் விடுவார்கள்.

குஞ்சில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனை செய்ததாக ஒரு காகிதம் கொடுத்தார்கள். அது ஜெராக்ஸ். எந்தத் தொட்டி, எந்தத் தேதி என்று எழுதியிருந்ததை நான் என் குஞ்சோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நீங்களே பொரிப்பகத்துக்குப் போய், உங்களுக்குக் கொடுக்கப்போகும் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து, வேறொரு ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். மிஞ்சிப்போனால் சில ஆயிரம் செலவாகும். ஒரு லட்சம் ரூபாய்க் குஞ்சுக்கு அது பெரிய காசு இல்லை.

முதல் நாற்பது நாள் நன்றாகவே போனது. காலை நான்கு மணிக்கு எழுந்து ஏரேட்டர் சுற்றுகிறதா என்று பார்ப்பது, நான்கு வேளை தீவனம், தீவனம் வைத்துத் தண்ணீரில் இறக்கும் தட்டான செக் ட்ரேயைத் தூக்கி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது, வாரம் ஒருமுறை வலை வீசி எடை பார்ப்பது. ஷெட்டில் தனியாகத்தான் இருந்தேன். மனைவியும் பையனும் திருச்சியில். தீபாவளி அன்று, நவம்பர் 4, வீடியோ காலில் பையன் மத்தாப்புக் கொளுத்துவதைப் பார்த்தேன். இறால் ஆறு கிராம் வந்திருந்தது. இன்னும் ஐம்பத்தைந்து நாளில் கடனெல்லாம் அடைந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கும்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. கசிவில் தண்ணீர் மட்டம் அரை அடி இறங்கியிருந்தது. வடிகாலில் மோட்டார் போட்டு நேரே குட்டைக்குள் இறைத்தேன். இறைக்கும் தண்ணீரைத் தனிக் குட்டையில் தேக்கி, பிளீச்சிங் போட்டு, ஒரு வாரம் ஆறவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். அந்தத் தேக்கக் குட்டை என்னிடம் இல்லை. இரண்டு ஏக்கரிலும் இறால் வளர்க்கும் ஆசையில் அதற்கு இடம் விடவில்லை. மேலே ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பண்ணையில் வெள்ளைப்புள்ளி வந்து, ராவோடு ராவாக மதகைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. குஞ்சிலேயே நோய் இருந்ததா, வாய்க்கால் தண்ணீரில் வந்ததா, நண்டோ நீர்க்காகமோ தூக்கி வந்ததா, என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் அந்த வாய்க்கால் தண்ணீரைத்தான் சொல்வேன். ஒரே வாய்க்காலில் எல்லோரும் இறைத்து எல்லோரும் வடிய விடுகிற இடத்தில், தேக்கக் குட்டை இல்லாத பண்ணையைச் சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள். நண்டு வேலியும் பறவைக்கு மேலே கட்டும் நூலும் அதற்கு அடுத்த செலவு. அதிலும் நான் மிச்சம் பிடித்தேன்.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் மழை பிடித்தது. விடவே இல்லை. இரண்டு நாளில் மேல்தண்ணீரில் உப்பு 22-லிருந்து 9-க்கு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் கனம் குறைவு, மேலே தங்கும், அடியில் இருக்கும் இறாலுக்குக் காற்று போகாது. அந்த நேரம் மதகின் மேல் பலகையை மட்டும் எடுத்து மேல்தண்ணீரை வடிய விட வேண்டும், ஏரேட்டரை நிறுத்தவே கூடாது, கரை முழுக்கச் சுண்ணாம்பு தூவ வேண்டும், தீவனத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நான் பலகையை எடுக்கப் போனபோது வெளியே வடிகால் என் குட்டையைவிட அரை அடி உயரமாக நின்றது. எடுத்தால் வெளித்தண்ணீர் உள்ளே வரும். ஆடியில் எட்டடிப் பள்ளத்தில் ஒரு கோடு மாதிரி கிடந்த அதே வடிகால்.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் ஓட்டினேன். பெரியவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று போயிருந்தார். ராத்திரி ஒன்றரை மணிக்கு டீசல் தீர்ந்தது. இரண்டு கேன் வாங்கி வைத்திருக்கலாம், ஒன்றுதான் வைத்திருந்தேன். கரை வழியாகத் தார் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். நேரே சதுப்பைக் குறுக்கே வெட்டினால் ஒரு கிலோமீட்டருக்கும் கம்மி. பகலில் பெரியவர் அந்த வழியாகப் போய்வருவதைப் பார்த்திருக்கிறேன். காலி கேனை எடுத்துக்கொண்டு, போன் டார்ச்சில் இறங்கினேன்.

பாதி தூரம் கூடப் போகவில்லை. வலது கால் முழங்கால் வரை போனது. அதை உருவ இடது காலை ஊன்றினேன், அது தொடை வரை போனது. ஆடியில் ஓடு மாதிரி சத்தம் கொடுத்த அதே தரை. உருவ உருவ இன்னும் இறங்கியது. சேறு காலைச் சுற்றி இறுகும்போது ஒரு உறிஞ்சும் சத்தம் வரும், அது இன்றைக்கும் சில நாள் கனவில் வருகிறது. கத்தினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. பையன் முகம் ஞாபகம் வந்தது. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

உப்பளத்துக் கதை பேசும்போது பெரியவர் ஒருநாள் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. "மாட்டுனா நிக்காத தம்பி. உக்காந்துடு, இல்லேன்னா படுத்துடு." நிற்பதை விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சேற்றிலேயே உட்கார்ந்தேன். உடம்பு கனம் பரவியதும் இறங்குவது நின்றது. கேன் மூடியை இறுக்கி முதுகுக்குக் கீழே கொடுத்தேன். பிறகு முழங்காலை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, சேற்றுக்கும் காலுக்கும் நடுவே தண்ணீர் புக விட்டு, ஒரு காலை எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. இரண்டு காலும் வந்த பிறகு எழுந்திருக்கவில்லை. மல்லாந்தபடியே கையால் தள்ளித் தள்ளி வந்த வழியே திரும்பினேன். சிப்பி கிழித்து இரண்டு காலிலும் ரத்தம். மறுநாள் பெரியவர் என் காலைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். உமரிச் செடி முளைத்திருக்கும் இடத்தில் கால் வைக்கலாம், செடியே இல்லாமல் வழவழவென்று மினுங்கும் இடத்தை மிதிக்கவே கூடாது, கையில் எப்போதும் ஆள் உயரக் கம்பு ஒன்று வேண்டும், ஊன்றிப் பார்த்துத்தான் அடுத்த அடி. அவருக்கு அது பேச வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்கவில்லை. அங்கே பிறந்தவர்களுக்கு அது நடக்கத் தெரிவது மாதிரி. அதனால் நீங்களாகக் கேட்க வேண்டும். மழை நாளில், இருட்டில், குறுக்கு வழி என்று எதுவும் அங்கே கிடையாது.

கரை வழியாகவே போய், ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் வீட்டைத் தட்டி, டீசல் கடன் வாங்கித் திரும்பும்போது மணி ஐந்து. விடியற்காலையில்தான் தண்ணீரில் பிராணவாயு ரொம்பக் குறைவாக இருக்கும். முதல் குட்டையில் இறால் எல்லாம் கரையோரம் வந்து மேலே மிதந்துகொண்டிருந்தது. ஏரேட்டரைப் போட்டதும் பாதி இறங்கியது. பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பதினொன்றாம் தேதி காலை, ஆலாவும் நீர்க்காகமும் அந்த ஒரு குட்டைக்கு மேல் மட்டும் வட்டமிட்டன. பறவை ஒரே குட்டையைச் சுற்றினால் அங்கே இறால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். செக் ட்ரேயில் தீவனம் அப்படியே இருந்தது. கரையோரம் ஒதுங்கிய ஒன்றை எடுத்தேன். உடம்பு செம்பழுப்பாக மாறியிருந்தது. தலை ஓட்டை நகத்தால் உரித்து, உள்பக்கத்தைத் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கோலமாவு சிந்திய மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். இதற்கு மருந்து கிடையாது. "இதைப் போட்டால் சரியாகும்" என்று யாராவது பாட்டில் விற்க வந்தால் வாங்காதீர்கள். நான் அந்தப் பதற்றத்தில் ஒரே நாளில் பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கினேன்.

தரகருக்குப் போன் செய்தேன். "ராத்திரி மதகைத் தொறந்து விட்ருங்க, மழத் தண்ணியோட போயிடும், யாருக்குத் தெரியும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு மணி நேரம் அதை யோசித்தேன். ஷெட்டிலிருந்து பார்த்தால், வடிகாலில் அந்த அக்காவும் இன்னும் இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய பையில் அன்றைக்குக் கிடைத்த ஒரு கிலோவோ ஒன்றரைக் கிலோவோ இறால். அந்த வாய்க்கால் இறாலுக்கும் அதே நோய் வரும். எனக்கு வந்ததும் இப்படி எவனோ ஒருவன் திறந்து விட்டதால்தான். நான் திறக்கவில்லை. மதகுக்கு வெளிப்பக்கம் மண் மூட்டை அடுக்கினேன். செத்ததை வலையில் அரித்துப் பிளீச்சிங் போட்டுப் புதைத்தேன். குட்டைத் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 500 கிலோ பிளீச்சிங் போட்டு அப்படியே தேக்கி வைத்தேன். இரண்டாவது குட்டையில் புள்ளி தெரியும் முன்னே பதின்மூன்றாம் தேதி பிடித்துவிட்டேன். 150 கவுண்ட், அதாவது கிலோவுக்கு 150 இறால், மொத்தம் 420 கிலோ, கிலோ 140 ரூபாய். வாங்க வந்தவருக்கு என் நிலைமை தெரியும், பேரம் பேச வாய்ப்பே இல்லை. அந்தத் தண்ணீருக்கும் பிளீச்சிங் போட்டேன். ஷெட்டில் தனியாக உட்கார்ந்து பிளீச்சிங் வாடையில் மூன்று நாள் சாப்பிடவே முடியவில்லை.

கணக்கு இது. குத்தகை ஒரு லட்சம். குட்டை தயார் செய்ய 65,000. ஏரேட்டர் 1,36,000. ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் 58,000. குஞ்சு 1,08,000. தீவனம் 1,38,000. மருந்து, தாது உப்பு எல்லாம் சேர்த்து 42,000. சம்பளம், கரண்ட் 61,000. கடைசிப் பிளீச்சிங் 36,000. மொத்தம் 7,44,000. வந்தது இறாலில் 58,800, ஏரேட்டரை விற்றதில் 80,000. போனது ஆறு லட்சத்து ஐயாயிரத்து இருநூறு. அதில் தீவனத்தைக் கடனில் கொடுத்திருந்தார்கள். பணம் வாங்காமல் தீவனம் தருகிறவர் நல்லவர் என்று நினைத்தேன். கடனில் எடுத்தால் மூட்டைக்கு விலை கூட, பிடிக்கும் இறாலையும் அவர் சொல்லும் ஆளுக்கே கொடுக்க வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். மனைவியின் வளையல்தான் அதை அடைத்தது.

பிறகுதான் தெரிந்தது, என் குட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தலைஞாயிறில் ஒரு மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. எந்த மாதம் விடலாம், மண் எப்படி என்று கேட்க நான் ஒரு நாள் பஸ் ஏறியிருந்தால் போதும். சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் மண்ணும் தண்ணீரும் சோதித்துச் சொல்கிறார்கள். தரகரிடம் கேட்ட கேள்விகளை நான் இவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தம்பியிடம் நான் முடிவாகச் சொன்னது, முதல் வருடம் குத்தகை எடுக்காதே, நல்ல பண்ணை ஒன்றில் சம்பளத்துக்கு ஒரு பயிர் முழுக்க இரு, மாசியில் ஆரம்பித்து வைகாசி வரை. அவனுக்கு அது பிடிக்கவில்லை. முதலாளியாக வேண்டும் என்று வந்தவனைத் தொழிலாளியாகப் போகச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? ஆனாலும் சொன்னேன்.

ஏரேட்டரை ஒப்படைக்க மறுபடி அங்கே போனது பிப்ரவரியில். சதுப்பு பாதி வற்றியிருந்தது. தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. என் குட்டை வெடிப்பு விட்டுக் காய்ந்து கிடந்தது, மதகுக்கு வெளியே நான் அடுக்கிய மண் மூட்டைகள் அப்படியே இருந்தன. பெரியவர் உப்பளத்துக்குத் திரும்பிவிட்டார். வாய்க்காலில் அந்த அக்கா இருந்தார். என்னைப் பார்த்ததும் கரையேறி வந்தார். பையை விரித்துக் காட்டினார். வெள்ளை இறாலும் இரண்டு நண்டும் கிடந்தன. புதுசாக வாங்கியவர் ஏரேட்டரை வண்டியில் ஏற்றும் வரை பக்கத்திலேயே நின்றார். கிளம்பும்போது ஒரு தாளில் கால் கிலோ இறாலைப் பொதிந்து, "பையனுக்குக் கொண்டு போ தம்பி" என்று கையில் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.